வாரம் ஒரு சேதி போதும், வாடிக்கை நிற்கும்

கேள்வி: "மணிமங்கலத்தில் எங்களுக்கு 60 சென்ட் நிலம். கீரை பயிரிட்டு, இரும்புலியூர் அடுக்குமாடி வீடுகளுக்கு நேரடியாகக் கொடுக்கிறோம். வாட்ஸ்அப் குழுவிலும் இ-மெயிலிலும் தினமும் சேதி அனுப்புகிறோம். முதலில் 140 வீடுகள் வாங்கின. இப்போது 50 வீடுகூடத் தேறவில்லை. பாதிக் கீரை மாட்டுக்குப் போகிறது. மொத்த வியாபாரிக்கே கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எங்கே தவறு?"

– வாசகி ஒருவர், இரும்புலியூர்.

பதில்: கடிதத்துடன் வாசகி இணைத்திருந்த ஒரு மாதச் சேதிகளைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடுகிறது. கீரையில் குறை இல்லை, சேதியில்தான் குறை. காலை வணக்கப் படம், எங்கிருந்தோ வந்த மருத்துவக் குறிப்பு, பண்டிகை வாழ்த்து என்று தினமும் மூன்று நான்கு வந்திருக்கின்றன. என்றைக்கு என்ன கீரை, என்ன விலை, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்ற விவரம் இந்தக் கூட்டத்துக்குள் புதைந்துபோயிருக்கிறது. வேலைக்குப் போகும் குடும்பம் இதைத் தேடிப் படிக்காது. முதலில் சத்தத்தை அணைத்துவைக்கும், பிறகு குழுவை விட்டு வெளியேறும்.

சேதி அதிகம் போனால் விற்பனை கூடும் என்பது தப்புக் கணக்கு. குறித்த நாளில், குறித்த நேரத்தில், நம்பகமாக வரும் சேதிக்குத்தான் காது கொடுப்பார்கள். 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது, விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. திருச்சி வானொலி சொன்ன பக்குவத்தைக் கேட்டுப் பயிரிட்டதால் வந்த பெயர் அது. இன்றும் வானிலை ஆய்வு மையத்தின் வேளாண் ஆலோசனை அறிக்கை வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. நாள் மாறாததால் எதிர்பார்த்துப் படிக்க முடிகிறது.

குழு வேண்டாம், பட்டியல் போதும்

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் 'சரி' என்று போட்டாலும் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். அதற்குப் பதில் 'பிராட்காஸ்ட் லிஸ்ட்' வைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். சேதி ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், பதிலும் தனியாக வரும். ஆனால், அனுப்புபவரின் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே கீரை கொடுக்கும்போதே எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்ல வேண்டும். சிறு கடைகளுக்கான 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலி இலவசம்தான். கீரை வகைகளைப் படத்துடன் அதில் வரிசைப்படுத்தி வைக்கலாம்.

இ-மெயிலிலும் இதே கவனம் வேண்டும். வாசகி எல்லா முகவரிகளையும் 'பெறுநர்' கட்டத்தில் போட்டு அனுப்பியிருக்கிறார். 140 வீட்டாரின் முகவரியும் 140 வீட்டாருக்கும் தெரிந்துவிட்டது. முகவரிகளை 'பி.சி.சி.' கட்டத்தில் போட்டால் ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் வரை அனுப்பலாம் என்பதால், இந்த அளவுக்கு அதுவே தாராளம்.

குறுஞ்செய்தி வழி வேண்டாம். தொலைத்தொடர்பு ஆணையத்தின் 2018 விதிப்படி, வியாபாரக் குறுஞ்செய்தி அனுப்ப முன்பதிவு தேவை. 50 வீட்டு வியாபாரத்துக்கு அந்தச் சிரமம் கட்டுப்படியாகாது.

கேட்டுச் சேர்க்க வேண்டும், சொன்னால் விடுவிக்க வேண்டும்

குடியிருப்புச் சங்கத்தின் பட்டியலிலிருந்து எண்களை எடுத்துச் சேர்த்ததாக வாசகி எழுதியிருக்கிறார். அது கூடாது. 'வாரம் ஒருமுறை கீரை விவரம் அனுப்பலாமா?' என்று நேரில் கேட்டு, சரி என்றவர்களை மட்டும் சேர்ப்பதே முறை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு சேதியின் அடியிலும் 'வேண்டாம் என்றால் நிறுத்து என்று அனுப்புங்கள்' என ஒரு வரி இருக்கட்டும். நிறுத்தச் சொன்னவரை அன்றே நீக்கிவிட வேண்டும். காரணம் கேட்டு நச்சரிக்கக் கூடாது.

இதில் சுயலாபமும் உண்டு. விலக வழி தெரியாதவர் 'ஸ்பாம்' என்று அழுத்திவிடுவார். அப்படிப் பலர் அழுத்தினால், விரும்பிக் கேட்டவருக்கு அனுப்பும் கடிதமும் குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு, ஒரே அழுத்தில் விலகும் வசதி கட்டாயம் என்றும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்றும் கூகுள் விதி வைத்திருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கான விதிதான். ஆனால் அதிலுள்ள பாடம் கீரைக் கட்டு விற்பவருக்கும் பொருந்தும்.

என்ன எழுதுவது?

தலைப்பைப் படித்ததுமே விஷயம் தெரிய வேண்டும். 'இனிய வணக்கம்' என்றால் திறக்க மாட்டார்கள். மாதிரிக்கு ஒன்று:

*வியாழன் கீரை: புதன் இரவு 8 மணிக்குள் சொல்லவும்*

*அரைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை. கட்டு 20 ரூபாய். வியாழன் காலை 6:30 முதல் 8 வரை உங்கள் குடியிருப்பு வாசலில். போன வாரம் மழையில் சிறுகீரை இலையில் மண் ஒட்டியிருந்தது. இந்த வாரம் அலசிக் கட்டுகிறோம். அடுத்த வாரம் முளைக்கீரை வரும். வேண்டாம் என்றால் 'நிறுத்து' என்று அனுப்புங்கள்.*

இவ்வளவு போதும். கூடவே வயலில் அன்று எடுத்த ஒரு படம். இணையத்தில் எடுத்த பளபளப்பான படம் வேண்டாம். வந்து சேரும் கீரை அப்படி இல்லையென்றால் பெயர் கெடும்.

கீரை விவசாயிக்கு ஒரு வசதி உண்டு. சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்த மூன்று, நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால், அடுத்த வாரம் என்ன வரும் என்று இன்றே எழுதலாம். நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமாவாசைக்கும் துவாதசிக்கும் அகத்திக்கீரை தேடுபவர்கள் உண்டு. மூன்று நாள் முன்னதாகச் சொன்னால் அந்தத் தேவை கைக்கு வரும்.

கெட்ட சேதியையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை அழுகும். 2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதை இந்தப் பகுதி மக்கள் மறக்கவில்லை. 'இந்த வாரம் கீரை இல்லை' என்று முதல் நாளே சொன்னால் புரிந்துகொள்வார்கள். காலையில் பையோடு வந்து ஏமாந்து திரும்பியவர் மறுபடி வர யோசிப்பார்.

'இயற்கைக் கீரை' என்ற சொல்லிலும் நிதானம் வேண்டும். ஜைவிக் பாரத் முத்திரையைப் போடச் சான்று அவசியம். தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை மூலமாகவோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பி.ஜி.எஸ். முறையிலோ அதைப் பெறலாம். அதுவரை செய்ததை மட்டும் சொல்லலாம்: 'தொழுவுரம் இட்டோம், பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தோம்.' சர்க்கரை நோய் தீரும், கல் கரையும் என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

எட்டு வாரக் கணக்கு

மொத்த வியாபாரிக்கே கொடுத்துவிடலாமா என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளலாம்: சேதி அனுப்பிய நாள், எத்தனை பேருக்கு, எத்தனை கட்டு ஆர்டர், எத்தனை கட்டு மிச்சம். தேதி தவறாமல் எட்டு வாரம் எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை இன்னும் குறையலாம். விருப்பமில்லாதவர்கள் விலகுவதுதான் அது. நிற்கிற 40 வீடுகள் வாராவாரம் வாங்கினால், பேருக்கு இருக்கும் 140-ஐவிட அது மேல்.

ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் பறித்துக் கட்டினால் மாட்டுக்குப் போவது குறையும். மீதிப் பாத்தியை மொத்த வியாபாரிக்கு விடலாம். எட்டு வாரம் கழித்து நோட்டைக் கணவனும் மனைவியுமாகப் பார்த்தால், எந்தப் பக்கம் போவது என்பதை அதுவே சொல்லிவிடும்.