சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

தைப்பூசம் முடிந்த கையோடு பழனிக்குக் காவடி எடுத்துப் போய், டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்பவர்கள் எடப்பாடிக்காரர்கள். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் புற்றுநோய்க் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்று ஊரெல்லாம் சுற்றும் வாட்ஸ்அப் வைத்தியம் அவர்களை மட்டும் விட்டுவைக்குமா என்ன?

முழுப் பொய்யை விட ஆபத்தானது பாதி உண்மை. இது அந்த ரகம்.

1920-களில் ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் ஒரு விநோதத்தைக் கண்டார். சாதாரண செல், ஆக்சிஜன் துணையோடு ஒரு குளுக்கோஸில் இருந்து சுமார் 30 ஏடிபி (செல்லின் எரிசக்தி) எடுக்கும். புற்றுநோய் செல்லோ ஆக்சிஜன் இருந்தாலும் பெரும்பகுதி குளுக்கோஸைப் பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கிவிடும். அந்த வழியில் கிடைப்பது வெறும் 2 ஏடிபி. அதனால் குளுக்கோஸை ஏராளமாக இழுக்கும். பெட் ஸ்கேன் பல கட்டிகளைக் காட்டிக்கொடுப்பது இதை வைத்துத்தான்.

இதுவரை உண்மை. அடுத்த படியில்தான் சறுக்கல். வாயைக் கட்டினால் ரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துவிடாது. சோறும் குளுக்கோஸ்தான். அதையும் நிறுத்தினால் கல்லீரல் தசைப் புரதத்தைக் கரைத்தாவது குளுக்கோஸ் தயாரிக்கும். கட்டியோ குளுட்டமினையும் தின்று வளரும். நாட்டுச் சர்க்கரை? அதிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். பெயரைப் பார்த்து செல் ஏமாறாது.

செல்லின் மூச்சுப் பழுதுதான் நோய்க்கு மூலம் என்று வார்பர்க்கே தவறாக நினைத்தார். பெரும்பாலும் மரபணுக் கோளாறுதான் அந்தச் சமையலை மாற்றுகிறது. சில ரத்தப் புற்றுநோய்களில் ஐடிஎச்1 என்ற நொதி திரிந்து, செல்லை முதிரவிடாமல் தடுக்கும் ஒரு பொருளை உண்டாக்குகிறது. அந்த நொதியையே அடைக்கும் ஐவோசிடெனிப் மருந்து 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வளர்சிதை மாற்றத்தைக் குறிவைப்பது என்றால் இதுதான். சர்க்கரை டப்பாவை ஒளித்து வைப்பது அல்ல.

அப்போ இஷ்டத்துக்கு இனிப்பு தின்னலாமா என்று கேட்பீர்கள். கூடாது. உடல் பருமன் சில புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டும். ஆனால் அது வருமுன் காக்கும் பேச்சு. கீமோ ஏறிக்கொண்டிருப்பவருக்குச் சோறு வேண்டும், புரதம் வேண்டும். எடை சரிந்தால் சிகிச்சையே தடைபடலாம். என்ன சாப்பிடுவது என்று மருத்துவரைக் கேட்கட்டும்.

கட்டியைப் பட்டினி போடுகிறோம் என்று ஆளைப் பட்டினி போடுவது வைத்தியமா? ஃபார்வர்டு செய்யும் விரலுக்கு ஒன்றும் ஆகாது. படுக்கையில் கிடப்பவருக்குத்தான் எல்லாம்.