பத்து டிராக்மாவும் இருநூறு கப்பல்களும்

கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸ் நகரத்துக்கு ஒரு நல்ல சேதி வந்தது. அட்டிகாவின் தென்கோடியில் இருந்த லாரியம் சுரங்கங்களில் புதிதாக வெள்ளி கிடைத்து, பொதுக் கருவூலம் நிறைந்தது. குடிமக்களுக்குத் தலைக்கு 10 டிராக்மா பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. கைக்கு வரப்போகிற காசை யாராவது வேண்டாம் என்பார்களா?

ஏதென்ஸின் அரசியல் தலைவர்களில் ஒருவரான தெமிஸ்டோக்ளிஸ் வேண்டாம் என்றார். அந்த வெள்ளியில் போர்க்கப்பல் கட்டுவோம் என்றார். மக்கள் மன்றம் அதற்கு ஒப்புக்கொண்டது. பின்னர் பாரசீகரை வென்ற சலாமிஸ் கடற்போரின் நாயகனாகத்தான் உலகம் அவரைக் கொண்டாடுகிறது. ஆனால் அந்தப் போர் சலாமிஸ் நீரிணையில் வெல்லப்படுவதற்கு முன்பே இந்த மன்றத்தில் பாதி வெல்லப்பட்டுவிட்டது. கொண்டாட வேண்டிய நாள் அதுதான்.

அவர் முழு உண்மையையும் சொல்லி மக்களின் சம்மதத்தைப் பெறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாரத்தானில் பாரசீகரை விரட்டி ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த ஆபத்து தீர்ந்தது என்றே பலர் நம்பினார்கள். அதனால் அவர் பாரசீகத்தைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்துத் தீவான ஏஜினாவோடு ஏதென்ஸுக்கு இருந்த பகையைக் காட்டினார். கண்ணுக்கெட்டிய எதிரிக்காக மக்கள் காசை விட்டுக்கொடுத்தார்கள். ஹெரோடோட்டஸ் கணக்குப்படி 200 கப்பல்கள். மூன்றே ஆண்டுகளில், கி.மு. 480-ல், பாரசீக மன்னன் செர்க்சிஸின் படை ஏதென்ஸைத் தீக்கிரையாக்கியது. கப்பல்கள் மட்டும் இல்லையென்றால் அந்த மக்கள் போக்கிடம் இல்லாமல் அழிந்திருப்பார்கள்.

ஒரு கப்பலுக்கு 170 பேர் துடுப்பு வலிக்க வேண்டும். தரைப்படையில் சேர வேண்டுமானால் கவசமும் கேடயமும் சொந்தக் காசில் வாங்க வேண்டும். துடுப்புக்கு உடம்பில் தெம்பு இருந்தால் போதும். அப்படித்தான் ஏதென்ஸின் பரம ஏழைகள் நகரத்தைக் காப்பாற்றினார்கள், காப்பாற்றியதால் அரசியலில் அவர்கள் குரலுக்கும் மதிப்பு கூடியது. மேட்டுக்குடிக்கு இது பிடிக்கவில்லை. பின்னாளில் பிளேட்டோகூட ஏதென்ஸ் கடற்படையை நம்பியதைக் குறையாகத்தான் எழுதினார். அவர் குறை என்று கண்டது உண்மையில் ஏதென்ஸ் ஜனநாயகத்தின் முதுகெலும்பு. அந்த வெள்ளியை வெட்டியெடுத்த அடிமைகளுக்கோ பங்கும் இல்லை, வாக்கும் இல்லை. இந்தக் கதையைச் சொல்லும் யாரும் அவர்களை மறக்கக் கூடாது.

சலாமிஸ் வெற்றிக்குப் பிறகு பத்தாண்டுகள்கூட முழுதாகக் கழியவில்லை. அதே மக்கள் தெமிஸ்டோக்ளிஸை நாடு கடத்தினார்கள். ஏதென்ஸில் ஆண்டுக்கு ஒருமுறை இதற்கு வழி இருந்தது. உடைந்த பானை ஓட்டில் பிடிக்காத தலைவரின் பெயரைக் கீறிப் போடலாம். 6,000 ஓடுகள் சேர்ந்தால் ஒருவர் பத்தாண்டு வெளியேற வேண்டும். குற்றச்சாட்டும் இல்லை, பதில் சொல்ல வாய்ப்பும் இல்லை. அவருடைய எதிரணித் தலைவர் அரிஸ்டைடிஸ் கி.மு. 482-ல் இப்படி வெளியேற்றப்பட்டபோது ஆதாயம் அடைந்தவர் தெமிஸ்டோக்ளிஸ்தான். இப்போது அந்த ஓடு அவர் பக்கமே திரும்பியது.

1930-களில் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு பழங்கிணற்றைத் தோண்டியபோது சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. பெரும்பாலானவை மதுக்கிண்ணங்களின் வட்டமான அடிப்பாகங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: நியோக்ளிஸின் மகன் தெமிஸ்டோக்ளிஸ். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எழுதியவர்கள் 14 பேர்தான் என்று தெரிந்தது. யாரோ சிலர் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிக் குவித்து, வாக்களிக்க வருகிறவர் கையில் திணிப்பதற்காக வைத்திருக்கிறார்கள். அவரைக் கவிழ்க்க ஓர் அணி திட்டமிட்டு வேலை செய்ததற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்த ஓடுகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வெளியேறியவரைப் பாரசீகத்தோடு சேர்ந்து சதி செய்தார் என்ற பழி துரத்தியது. ஆர்கோஸிலிருந்து கோர்சைரா, அங்கிருந்து மொலோசிய அரசன் அட்மீட்டஸின் வீடு என்று ஓடினார். அரசனின் குழந்தையைக் கையில் ஏந்தி அடுப்பங்கரையில் அமர்ந்து அடைக்கலம் கேட்டதாகத் துசிடிடிஸ் எழுதுகிறார். கடைசியில், யாரைத் தோற்கடித்தாரோ அந்த செர்க்சிஸின் மகன் அர்த்தசெர்க்சிஸிடமே போய்ச் சேர்ந்தார். பாரசீக மன்னன் அவருக்கு ரொட்டிக்கு மெக்னீசியாவையும், மதுவுக்கு லாம்ப்சாகஸையும், தொடுகறிக்கு மியஸையும் கொடுத்தான். மெக்னீசியாவில் அவர் பெயரில் வெள்ளி நாணயமும் அச்சானது.

அங்கேயே நோய்வாய்ப்பட்டு இறந்தார். துரோகி என்று தீர்ப்பளிக்கப்பட்டவரை அட்டிகா மண்ணில் புதைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அவர் விருப்பப்படி எலும்புகளை ஏதென்ஸ்காரர்களுக்குத் தெரியாமல் கொண்டுவந்து அங்கே புதைத்ததாக உறவினர்கள் சொல்லியிருக்கிறார்கள்.