அப்பா என்ன மாத்திரை சாப்பிடறார்?

மழை வந்தால் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் தண்ணி நிற்பது நமக்குப் பழகிப்போன விஷயம். அப்படி ஒரு நாளில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட பெரியவர் ஒருத்தரை ஆபரேஷனுக்குக் கொண்டு வந்தார்கள். நெல்லைப் பக்கத்திலிருந்து மகனைப் பார்க்க வந்தவர். மயக்க மருந்து கொடுக்க வேண்டியவன் நான். மகனிடம் கேட்டேன்.

"அப்பா என்ன மாத்திரை சாப்பிடறார்?"

"பிரஷருக்கு ஒண்ணு சார். இன்னொண்ணு ரோஸ் கலர்ல இருக்கும்."

ரோஸ் கலரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஊருக்குப் போன் போட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து, மருந்துச் சீட்டை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். க்ளோபிடோக்ரெல். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. தலையில் அடிபட்டதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மகன் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

ரத்தத்தை டெஸ்ட் பண்ணினால் தெரிந்துவிடாதா என்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பி.டி. டெஸ்ட்டை 1935-ல் ஆர்மண்ட் குயிக் என்பவர் கொண்டு வந்தார். அதற்குப் பயன்பட்டது முயலின் மூளையிலிருந்து எடுத்த சாறு. ரத்தத்தை உறையத் தூண்டும் பொருள் மூளையில் அவ்வளவு அதிகம். மூளை காயப்பட்டால் அது ரத்தத்தில் கலந்து, உறைவதற்கான சரக்கையெல்லாம் தீர்த்துவிடலாம். பிறகு கசிவு நிற்காது. மண்டையோடு மூடிய பெட்டி, கொஞ்சம் ரத்தம் சேர்ந்தாலே மூளையை அழுத்தும். அதனால்தான் பி.டி., ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி., தட்டணுக்கள், ஃபைப்ரினோஜன் எல்லாம் பார்க்கிறோம்.

ஆனால் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் இவற்றில் சிக்காது. தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். மஸ்டர் ரோலில் எல்லோரும் ஆஜர், வேலைதான் நடக்காது! அந்தப் பாதிப்பு முழுதாக நீங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதை அளக்கும் மெஷின் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. இருந்தாலும் அழுத்தப்படும் மூளை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காது. முன்கூட்டியே தெரிந்தால் ரத்த வங்கிக்குச் சொல்லித் தயாராகலாம். அன்றைக்கு அப்படித்தான் செய்தோம். பெரியவர் பிழைத்தார்.

என் கட்சி இதுதான்: இந்தப் பரிசோதனையில் பாதி லேப்பில் நடக்கிறது, மீதி பாதி குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஊரை விட்டு வந்த நாம்தான் அதைக் கோட்டை விடுகிறோம். தினமும் போனில் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிறோம். "என்ன மாத்திரை?" என்று கேட்டதுண்டா?

இன்றைக்கே கேளுங்கள். பெயரை எழுதி அப்பாவின் சட்டைப் பையில் ஒன்று, உங்கள் போனில் படமாக ஒன்று வையுங்கள். இதைப் படித்துவிட்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது இன்னொரு ஆபத்து.

அன்று ராத்திரி என் அம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன மாத்திரைம்மா?

"அதாண்டா, அந்த மஞ்சள் மாத்திரை!"