கார்டு வாங்கும் முன்னாடி ஸ்டிக்கரைப் படிங்க!

இந்த வாரம் கொஞ்சம் பாவமன்னிப்பு. மூணாவது வருஷ இன்ஜினீயரிங் படிக்கிற ‘அறிவாளி’ நான், எங்க அத்தை பையனோட கம்ப்யூட்டரைப் படுக்க வெச்ச சோகக் கதை இது!

திருப்பூர், அனுப்பர்பாளையம் பக்கம் அத்தை வீடு. கீழே ஆறு மெஷினோட ஒரு பவர் டேபிள். ஓவர்லாக், பேட்லாக் சத்தம் காதைப் பொளக்க, மாடியில உட்கார்ந்து மச்சான் டிசைன் போடுவான். டி-ஷர்ட் பிரின்ட்டுக்கு கோரல்டிரா போதும். அதுக்கு ஏதோ ஒரு ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரே தாராளம்.

சிக்கல் 3டி-யில வந்துச்சு. துணியைத் தைக்காமலே ஸ்கிரீன்ல ஒரு பொம்மைக்கு மாட்டிவிட்டு, மடிப்பு எங்கே விழுது, எங்கே இழுக்குதுனு பார்க்கிற சாப்ட்வேர் இருக்கே... தென்கொரியாவுல இருந்து வந்த ‘க்ளோ’ மாதிரி... அதுல ஒரு சாம்பிள் பண்ணித் தரச் சொல்லி மச்சானுக்கு முதல் ஆர்டர். “மாப்ளே, கிராபிக்ஸ் கார்டு வேணும்டா. நீதான் படிச்சவனாச்சே!” அப்படின்னான். விடுவேனா?

அத்தையோட சீட்டுப் பணத்துல 6,500 ரூபாய்க்குப் பழைய ஜி.டி.எக்ஸ். 1060 ஒண்ணு வாங்கினோம். கேபினெட்டைத் திறந்தா, கார்டு கேட்கிற 6 பின் ஒயர் உள்ளே இல்லவே இல்லை! அசருவோமா? ஹார்டு டிஸ்க்குக்குப் போற சாட்டா ஒயர்ல ஒரு கன்வெர்ட்டரை மாட்டி, ‘ஆன்’ பண்ணினோம். படம் வந்துச்சு. மச்சான் கட்டிப்பிடிச்சுக்கிட்டான். ராத்திரி 11 மணிக்கு சட்டையைப் பொம்மைக்கு மாட்டி ‘சிமுலேட்’ அமுக்கினான் பாருங்க... ‘டப்’. ஸ்கிரீன் கறுப்பு. கூடவே ஒரு தீய்ஞ்ச வாசனை!

அத்தை மேலே வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. “ஏங்கண்ணு, புது மெஷின் ஒண்ணு போடறதுன்னா, லைன் தாங்குமான்னு எலக்ட்ரீசியனைக் கேட்டுட்டுத்தானே நான் போடறேன்? இதுக்கு நீ யாரைக் கேட்டே?”

கப்சிப்!

மறுநாள் காலேஜ் லேபுல உட்கார்ந்து, அத்தை கேட்ட கணக்கைப் போட்டேன். ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ். மேலயும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல பெருசா போட்டிருக்கிற மொத்த வாட்ஸை நம்பாதீங்க. ‘12 வோல்ட்’னு இருக்கிற கட்டத்துல எத்தனை ஆம்ப்ஸ்னு பாருங்க. பிராசஸரும் கார்டும் அங்கே இருந்துதான் பெரும்பாலும் குடிக்கும். மச்சானோடது 240 வாட்ஸ். 12 வோல்ட்ல 17 ஆம்ப்ஸ். பெருக்கினா 204 வாட்ஸ். பிராசஸர் 65, ஜி.டி.எக்ஸ். 1060-க்கு 120. ரெண்டும் சேர்ந்தே 185! ஃபேன், டிஸ்க் எல்லாம் அது போக. கார்டு வேலை செய்யும்போது கண்ணிமைக்கிற நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டியும் இழுக்கும். தாங்குமா?

அந்தக் கன்வெர்ட்டர் இன்னொரு கூத்து. ஒரு சாட்டா முனை 12 வோல்ட்ல 54 வாட்ஸ்தான் தாங்கும். 6 பின் 75 வாட்ஸ் வரைக்கும் கேட்கலாம். தீய்ஞ்ச வாசனை எங்கே இருந்து வந்துச்சுனு புரியுதா?

‘வேற பெரிய எஸ்.எம்.பி.எஸ். மாட்டிக்கலாமே?’ன்னு கேட்பீங்க. சாதாரண அசெம்பிள்டு கம்ப்யூட்டர்னா தாராளமா மாட்டலாம். ஆபீஸ்ல இருந்து வர்ற பிராண்டட் பெட்டிகள் பலதுல சைஸும் வேற, மதர்போர்டுக்குப் போற பின்னும் வேற. கடைச் சரக்கு உட்காராது!

அப்போ வழி? மதர்போர்டுல கார்டு உட்கார்ற ஸ்லாட்டே 75 வாட்ஸ் வரைக்கும் தரும். தனி ஒயர் கேட்காத கார்டா பார்க்கணும். சில பெயர்கள்...

ஜி.டி. 1030: 30 வாட்ஸ். டிஸ்பிளேவுக்கு ஓகே, 3டி-க்கு முக்கும். டி.டி.ஆர். 4 மெமரி போட்டது இன்னும் மெதுவு. ஜி.டி.டி.ஆர். 5-ஆனு கேட்டு வாங்குங்க.

ஜி.டி.எக்ஸ். 1650: 75 வாட்ஸ். சில மாடல்ல 6 பின் இருக்கும், உஷார்!

ஆர்.எக்ஸ். 6400: 53 வாட்ஸ்தான். பழைய மதர்போர்டுல வேகம் குறையும்.

ஆர்.டி.எக்ஸ். 3050: இங்கேதான் பொறி! 6 ஜி.பி. கார்டு 70 வாட்ஸ். 8 ஜி.பி.-ன்னா 130 வாட்ஸ். நம்ம ஊர்ப் பாஷையில சொன்னா, லேபிள் ஒண்ணு, நூல் நம்பர் வேற!

வாங்கும் முன்னாடி இன்னும் மூணு: உங்க சாப்ட்வேர் எந்தக் கார்டுகளைக் கேட்குதுனு பாருங்க. பெட்டி ஒல்லியா இருந்தா அரை உயரக் கார்டு கேளுங்க. யு.பி.எஸ்.-ஸையும் கணக்குல சேருங்க. வீட்டுல இருக்கிற 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். அதுல மானிட்டருக்கும் பங்கு உண்டு.

க்ளைமாக்ஸ்... அதே மாதிரி எஸ்.எம்.பி.எஸ். தேடிப் பிடிக்க நாலு நாள் ஆச்சு. அதுக்குள்ள அந்த ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடுச்சு. மச்சான் ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைனு இருந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு 6 ஜி.பி. 3050-ல அரை உயரக் கார்டு ஒண்ணு வாங்கினான். இந்தத் தடவை கணக்கு 65 கூட்டல் 70, 135. கம்முனு ஓடுது. இப்போ ரெண்டாவது ஆர்டர் கையில இருக்கு.

பழைய கார்டு 4,000 ரூபாய்க்குத்தான் போச்சு. மீதி 2,500 அத்தைக்கு நான் தரணும். இந்தப் பக்கத்துக்கு வர்ற பணத்துல கொடுத்துடறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். எடிட்டர் சார்... காதுல விழுதுங்களா?