மண்ணுக்கும் மருந்து உண்டு

நெற்பயிருக்கு நல்லது கெட்டது தெரியாது. மண்ணில் இருப்பதை வேர் உறிஞ்சுகிறது. மண்ணில் விஷம் இருந்தால், சோற்றிலும் விஷம் இருக்கும்.

ஜப்பான் நாட்டு மக்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அங்கே டொயாமா பகுதியில் ஜின்சூ என்ற ஆறு ஓடுகிறது. அதன் மேற்பகுதியில் கமியோகா சுரங்கம் இருந்தது. துத்தநாகமும் ஈயமும் வெட்டி எடுத்தார்கள். கழிவோடு காட்மியம் என்ற உலோகமும் ஆற்றில் கலந்தது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. வயலில் விளைந்த அரிசியை மக்கள் பல ஆண்டுகள் சாப்பிட்டார்கள்.

"வலிக்கிறதே!"

சிறுநீரகம் கெட்டது. எலும்பு வலுவிழந்தது. இருமினால்கூட எலும்பு முறிந்தது. பிள்ளை பெற்ற நடுத்தர வயதுப் பெண்களே மிகுதியாகத் துன்பப்பட்டார்கள். "இதாய்! இதாய்!" என்று அலறினார்கள். "வலிக்கிறதே! வலிக்கிறதே!" என்று அதற்குப் பொருள். அந்த அலறலே நோய்க்குப் பெயர் ஆகிவிட்டது.

நோய்க்குக் காட்மியமே காரணம் என்று 1968-ல் அரசு அறிவித்தது. அதே ஆண்டில் மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1972-ல் ஐகோர்ட்டிலும் வெற்றி பெற்றார்கள்.

33 ஆண்டு வேலை

நஷ்டஈடு கிடைத்தது. ஆனால் வயல்? காட்மியம் மக்கிப் போகாது. தானாக மறையாது.

ஆகவே, வயலுக்கு வைத்தியம் தொடங்கியது. கெட்ட மண்ணைப் புதைத்தார்கள். அதன்மேல் நல்ல மண்ணைப் பரப்பினார்கள். 1979-ல் தொடங்கிய வேலை 2012-ல்தான் முடிந்தது. திருந்திய நிலம் சுமார் 2,100 ஏக்கர். செலவு 4,000 கோடி யென்னுக்கு மேல்!

விஷம் குறைவாக உள்ள நிலத்துக்கு எளிய வழிகளும் உண்டு. புளிப்புத் தன்மை மிகுந்த மண்ணில் காட்மியம் எளிதாக வேரில் ஏறும். சுண்ணாம்பு இட்டால் அது குறையும். கதிர் வரும் பருவத்தில் வயலில் தண்ணீர் நிறுத்தினாலும் குறையும். ஆனால் அப்படித் தண்ணீர் நிறுத்தினால், ஆர்சனிக் என்ற வேறொரு விஷம் பயிரில் கூடக்கூடும். ஆகவே, முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். நோய் தெரியாமல் மருந்து கொடுக்கலாமா?

காவலே முதல் மருந்து

மண்ணை மாற்றியதோடு ஜின்சூ மக்கள் நின்றுவிடவில்லை. சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்கும் உரிமையையும் 1972-ல் கேட்டு வாங்கினார்கள். நிபுணர்களை அழைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் போய்க் கழிவுநீரைச் சோதித்தார்கள்.

அதுதான் சரியான வழி. கழிவுநீரைப் புறப்படும் இடத்திலேயே சுத்தம் செய்துவிட்டால், வயலைத் தோண்ட வேண்டியது இல்லை. எந்த நாட்டு ஆலைக்கும், எந்த நாட்டு அரசுக்கும் இது பொருந்தும்.

மண்ணைக் கெடுக்கச் சில ஆண்டுகள் போதும். அதைத் திருத்த ஒரு தலைமுறை வேண்டும். எலும்பு முறிந்த தாய்மாருக்கோ, அந்த ஒரு தலைமுறையும் திரும்பி வராது.