இல்லமும் நலமும்: சிறிய இலை



நம் சங்கத்தின் பொங்கல் விருந்தில் என் மனைவி என் அருகில் அமர்ந்திருந்தாள். பரிமாறிய இளைஞர் அவள் இலையைப் பார்த்து, "என்ன அக்கா, வைத்தது வைத்தபடியே இருக்கிறதே! சமையல் பிடிக்கவில்லையா?" என்று கேட்டார். மறுமொழிக்குக் காத்திராமல் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை இட்டுவிட்டு அப்பால் சென்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வற்புறுத்தி உண்பிப்பது நம்மவர் பண்பு. அதிலும், ஊரை விட்டு மும்பையில் குடியேறிய நமக்குச் சொந்த ஊர் என்பது பாதி நம் அடுக்களையிலேதான் இருக்கிறது. ஆயினும் அந்த ஒரு கரண்டிப் பொங்கலைக் கண்டு அவள் கொண்ட கலக்கத்தை நான் அறிவேன். அதன் காரணத்தை எழுத அவளே இசைவு தந்தமையால் இத்திங்கள் இப்பகுதியில் எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டில் அவள் உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். இத்தகைய சிகிச்சைகளுள் இன்று பெரிதும் வழங்குபவை இரண்டு. ஒன்றில், இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றி, எஞ்சியதை ஒரு குழாய்போல் ஆக்குகிறார்கள். மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியை விலக்கி, அதற்கு அப்பால் இணைத்துவிடுகிறார்கள். இந்த வகைக்கு 1966இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிக்காஷி ஈட்டோ என்னும் மருத்துவர் இருவர் வழிகோலினர். என் மனைவிக்குச் செய்யப்பட்டது இதுவே.

"வாயைக் கட்ட முடியாதவர்கள் தேடும் குறுக்கு வழி" என்று சிலர் இதனை இகழ்வதுண்டு. அது அறியாமை. சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கி, அறுவை செய்துகொண்டோர் சுமார் 2,000 பேரையும், செய்துகொள்ளாத பருமனுடையோர் ஏறத்தாழ அதே தொகையினரையும் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். செய்துகொண்டோரிடையே இறப்புக் குறைவு என்பது 2007இல் வெளியாயிற்று. ஆகவே பயன் மெய்யானது. ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் காட்டியது. எடை மிகக் குறைவது முதல் ஓரிரண்டு ஆண்டுகளில்; பின்பு ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. என் மனைவிக்குச் செய்த வகையில், முதலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்த எடை, பத்தாம் ஆண்டில் கால் பங்குக் குறைவாக நின்றது. எனவே மூன்றாம் ஆண்டுக்குப் பின் வரும் வாழ்க்கையைப் பற்றித்தான் நாம் சிந்திக்க வேண்டும். அதைப் பற்றிப் பேசுவார் குறைவு.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஆண்டு முழுவதும் பாராட்டு மழை. நீரிழிவு மாத்திரையை மருத்துவரே நிறுத்தினார். முழங்கால் வலி தணிந்தது. மூன்றாம் ஆண்டில் பாராட்டும் ஓய்ந்தது. மருத்துவரிடம் போவதும் நின்றது. "இப்போதுதான் நன்றாக இருக்கிறாயே, இன்னும் எதற்கு இந்தச் சத்து மாத்திரைகள்?" என்று கேட்டவன் நானே. அவளும் நிறுத்திவிட்டாள்.

ஓராண்டு கழிந்தபின் அவள் பாதங்களில் எரிச்சலும் மரமரப்பும் கண்டன. ரயில் நிலையப் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கியது. வயதின் குறை என்று எண்ணிச் சில திங்களை வீணாக்கினோம். இரத்தத்தைச் சோதித்தபோது வைட்டமின் பி12உம் இரும்புச் சத்தும் மிகக் குறைந்திருந்தன. மருத்துவர் அமைதியாக விளக்கினார். பி12ஐ உடல் ஏற்பதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். அறுவைக்குப் பின் உணவு அதனோடு சரிவரக் கலப்பதில்லை. இரும்பையும் சுண்ணாம்புச் சத்தையும் மிகுதியாக ஏற்கும் குடற்பகுதியோ விலக்கப்பட்டுவிட்டது. மரக்கறி உண்போர்க்குப் பி12 உணவில் கிடைப்பதும் அரிது. "அம்மா, இம்மாத்திரைகள் நோய்க்கு மருந்தல்ல, ஆயுள் முழுவதும் உங்கள் உணவில் ஒரு பகுதி" என்றார். ஊசி மருந்தால் அவள் தேறினாள். ஆயினும் பாத எரிச்சல் தணியப் பல திங்கள் ஆயின. நெடுநாள் கவனியாது விட்டிருந்தால் நரம்புகள் மீளாமலே போயிருக்கக்கூடும்.

இதற்கிடையே ஏழு கிலோ எடையும் திரும்பியிருந்தது. இதுவே அவளை மிகவும் வாட்டியது. "இத்தனை செலவும் வீண் என்று ஊர் சிரிக்குமே" என்று இரண்டு ஆண்டுகள் எந்த விழாவுக்கும் வர மறுத்தாள். இவ்வாண்டுப் பொங்கலுக்குத்தான் மீண்டும் வந்தாள். எடை ஓரளவு திரும்புவது பலருக்கும் நேர்வது; அது ஒழுக்கக் கேடு அன்று. வெட்கப்பட்டு மருத்துவரைத் தவிர்ப்பதே பெருங்கேடு.

அதன்பின் எங்கள் அடுக்களையில் சில மாற்றங்கள் செய்தோம். தட்டு சிறிதாயிற்று. முதலில் சுண்டல், பருப்பு, பன்னீர், தயிர் ஆகியவற்றுள் ஒன்று, பின் காய்கறி, இறுதியில்தான் சோறு. புலால் உண்ணும் இல்லங்களில் முட்டையும் மீனும் முன்வரலாம். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமேனும் வேண்டும் என்பது விதி. சிறிய பையில் முதலில் சோறு நிறைந்துவிட்டால் புரதத்துக்கு இடம் ஏது? உணவோடு தண்ணீர் அருந்துவதில்லை. அரைமணி நேரம் கழித்தே அருந்துகிறாள். முறுக்கு, மிக்சர், பிஸ்கட் ஆகியவை மென்றதும் குழைந்து எளிதில் வழுகி இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில்லை. எனவே அவற்றை வீட்டில் வாங்கி வைப்பதில்லை. நானும் கொறிப்பதை விட்டேன்.

இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரண்டு மணி நேர இடைவெளியிட்டு உண்ண வேண்டும். இரும்பு மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் பயன் குறையும். நம் வீடுகளில் இது நினைவிருக்கட்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது; அவற்றுள் பல புண்ணை உண்டாக்கும். அறுவைக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது. பழக்கமாகிவிடும் அபாயமும் மிகுதி. குழந்தைப்பேற்றை விரும்பும் இளம்பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை காத்திருப்பது நன்று.

இனி அந்தச் சர்க்கரைப் பொங்கலுக்கு வருவோம். அத்தகைய இனிப்பு அவள் உடலில் சட்டென்று குடலுக்குள் இறங்கிவிடும். சிறிது நேரத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தலை சுற்றும், வயிறு போகும். அன்பாக இட்ட ஒரு கரண்டி அவளுக்கு அரைநாள் படுக்கையாக முடியக்கூடும்.

தாய்மார்களே, அறுவை ஒருவர் உடலில் நிகழ்கிறது. அதற்கு இசைந்து வாழ வேண்டியது குடும்பம் முழுவதும். அதை நான் காலம் கடந்தே உணர்ந்தேன். உங்கள் இல்லத்துக்கு வரும் விருந்தினர் ஒருவர் "போதும்" என்றால், காரணம் கேளாது நம்புங்கள். "மெலிந்துவிட்டாயே", "மறுபடியும் பூசினாற்போல் இருக்கிறாயே" என்னும் இரண்டு பேச்சையும் விடுங்கள். நம் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த விருந்தில், விரும்புவோர்க்குச் சிறிய இலை ஒன்று போடுங்கள். அதில் சுண்டலை முதலில் வையுங்கள். என் மனைவி மட்டுமல்லாமல், கேட்க நாணி வீட்டிலேயே தங்கிவிடும் வேறு சிலரும் பந்திக்கு வரக்கூடும்.