"இனி சொல்லும்மா!"
கறுப்புக் கோட்டு அணிந்த பெண்களால் என்ன மாறியது?

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். ஆண்டாள் கோவிலுக்குப் போகிறவர்கள் அந்த பஸ்சில் இருப்பார்கள். பால்கோவா வாங்கப் போகிறவர்கள் இருப்பார்கள். மஞ்சள் பைக்குள் பத்திரங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் கோர்ட்டுக்குப் போகிறவர்கள்.

மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகர்தான். ஆனால் மாவட்ட கோர்ட்டு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மகளிர் கோர்ட்டும் அங்கேதான்.

மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்தில் நூல் மில்களுக்குப் பஞ்சம் இல்லை. அவளைப் புருஷன் அடிக்கிறான். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறான். இதை எல்லாம் அவள் யாரிடமும் சொல்லிவிடுவாள். ஆனால் சொல்ல முடியாதது இன்னும் ஒன்று இருக்கிறது. ஆண் வக்கீலுக்கு எதிரே உட்கார்ந்து, பக்கத்தில் குமாஸ்தா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது அதை எப்படிச் சொல்வாள்?

சொல்லமாட்டாள். கூட வந்த அண்ணனோ மாமாவோ அவளுக்காகப் பேசுவார். அவர் சொன்னதுதான் மனுவில் ஏறும். பிறகு கூண்டில் ஏறி அவள் உண்மையைச் சொன்னால், "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்குவார். வழக்கு நொண்டும்.

எதிரே இருப்பவர் ஒரு பெண் வக்கீலாக இருந்தால்? "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று கூட வந்தவரை அனுப்பிவிடலாம். கதவைச் சாத்திவிட்டு, "இனி சொல்லும்மா" என்று கேட்கலாம்.

பெண்கள் இந்தத் தொழிலுக்கு வந்ததால் ஊருக்குக் கிடைத்த முதல் லாபம் இதுதான். வாதத் திறமை ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஆனால் வாதம் செய்வதற்கு முன்னால் உண்மை வெளியே வரவேண்டுமே!

திரைக்கு உள்ளே போன வக்கீல்

இது புதிய விஷயம் அல்ல. கொர்னீலியா சொராப்ஜி என்ற இந்தியப் பெண், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சட்டம் படித்தார். 1892-ல் பரீட்சை எழுதினார். பெண் என்பதால் அப்போது பட்டம் கொடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் வங்காளத்துப் பெரிய வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னால் வாழ்ந்தார்கள். அந்நிய ஆணின் முகத்தைப் பார்க்கக்கூடாது. வக்கீல்களோ எல்லோரும் ஆண்கள். சொத்து பறிபோனாலும் யாரிடம் போய்ச் சொல்வது? 1904-ல் சர்க்கார் சொராப்ஜியை அந்த வேலைக்கு நியமித்தது. அவர் திரைக்கு உள்ளே போனார். நூற்றுக்கணக்கான பெண்களின் குறைகளைக் கேட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் கதவு எளிதில் திறக்கவில்லை. 1916-ல் ரெஜினா குஹா என்ற பெண் வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டபோது, கல்கத்தா ஐகோர்ட்டு மறுத்துவிட்டது. சட்டத்தில் வக்கீல் என்றால் ஆண் என்றுதான் அர்த்தமாம்! 1923-ல் வந்த சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது.

நமது மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரில், அன்னா சாண்டி 1937-ல் முன்சீப் ஆனார். 1959-ல் கேரள ஐகோர்ட்டு நீதிபதி ஆனார். அதே கேரளத்துப் பாத்திமா பீவி 1989-ல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி. பிறகு 1997-ல் தமிழ்நாட்டுக்கே கவர்னராக வந்தார்.

"அக்கா, ஒரு கையெழுத்து!"

ராஜபாளையத்தைச் சுற்றி மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் உண்டு. அப்பா கண்ணை மூடுகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. தம்பி ஒரு பத்திரத்தை நீட்டுகிறான். "அக்கா, இதிலே ஒரு கையெழுத்துப் போடு."

அது விடுதலைப் பத்திரம். "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பது. படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட அக்காள் தங்கைகள் எத்தனையோ பேர்!

பூர்வீகச் சொத்தில் இந்துப் பெண்ணுக்கும் சம பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-ந் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்குப் பங்கு இல்லை என்றது. 2005-ல் வந்த மத்திய சட்டத்தில் அந்த நிபந்தனை கிடையாது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகம் மிச்சம் இருந்தது. "வேண்டியது இல்லை, பிறப்பினாலேயே மகளுக்கு உரிமை உண்டு" என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைக் கிளற முடியாது.

சட்டம் தெளிவு. பயம்தான் போகவில்லை. பங்கு கேட்டால் தாய் வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே! தன் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வருமா? இந்தக் கணக்கு சட்டப் புத்தகத்தில் இல்லை. பெண் வக்கீலுக்கு அது தெரியும். அவரே அப்படி ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தவராகவும் இருக்கலாம்! "வழக்குப் போடச் சொல்லவில்லை. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்கவேண்டாம். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

வக்கீலுக்கு யார் வாதாடுவது?

ஊருக்கு நியாயம் கேட்கும் இவர்களின் நிலைமை என்ன? 2021-ல் அன்றைய சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதி என்.வி.ரமணா ஒரு கணக்குச் சொன்னார். நாட்டில் 17 லட்சம் வக்கீல்கள். அதில் பெண்கள் 15 சதவீதம்தான். கீழ்க்கோர்ட்டுகளில் 100-க்கு 22 இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை என்றும் அவர் சொன்னார். காலை முதல் மாலை வரை வாய்தாவுக்குக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டை எண்ணிப் பாருங்கள். வக்கீலுக்கும் அதே பாடு, கட்சிக்காரிக்கும் அதே பாடு.

அடுத்தது வரும்படி. ஜூனியர் வக்கீல் என்றால் கட்டைத் தூக்கிக்கொண்டு சீனியர் பின்னால் ஓடவேண்டும். கையில் காசு வராது. மகன் என்றால் அப்பா பொறுத்துக்கொள்வார். மகள் என்றால், "போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்பார். பாதி வழியில் கோட்டைக் கழற்றி வைப்பது இப்படித்தான்.

இதற்கும் ஒரு பெண்ணின் வழக்கில்தான் வழி பிறந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த பெண் வக்கீல் ஒருவர், வக்கீல்கள் நல நிதி பற்றி வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில் சென்னை ஐகோர்ட்டு 2024 ஜூனில் ஜூனியர்களின் கஷ்டத்தையும் கவனித்தது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ.20 ஆயிரமும், மற்ற ஊர்களில் ரூ.15 ஆயிரமும் குறைந்தபட்சம் கொடுக்கவேண்டும் என்றது. ஆண் ஜூனியர்களுக்கும் சேர்த்துத்தான்!

ஸ்ரீவில்லிபுத்தூர் கணக்கில் அது ரூ.15 ஆயிரம். உத்தரவு போட்டது ஐகோர்ட்டு. மாதம் பிறந்ததும் எண்ணிக் கொடுக்கவேண்டியவர்கள் சீனியர்கள். கேட்டு வாங்கவேண்டிய பெண்ணோ, நாளைக்கும் அதே சீனியரின் கட்டைத்தான் தூக்கவேண்டும்.